கித்தான் ஓவியத்தை இழுத்துக் கட்டுதலும் சட்டமிட்டு மாட்டுதலும்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சுவரில் எழுதிய சித்திரத்தைச் சுவரே தாங்கிக்கொள்ளும். ஆனால் துணியில் எழுதிய சித்திரத்திற்கு அத்தகைய தாங்கல் இல்லை. அதற்குத் தாங்கலாக நிற்க வேண்டியது மரச்சட்டம். அச்சட்டத்தைச் செய்து கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

நம் இல்லங்களில் பிள்ளைகள் தீட்டிய ஓவியங்கள் எங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சில கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கின்றன. சில அலமாரியின் மேல் தூசி படிந்து, மடிப்பு விழுந்து, வண்ணம் உதிர்ந்து போகின்றன. அவ்வோவியங்களில் இருப்பவை யாவை? இலயத்து வீடுகளின் வரிசை, ஆலமரத்தடி முனியாண்டி கோயில், பால்வாளியுடன் நடந்து செல்லும் தாய்மார், அதிகாலை மூடுபனியில் நிற்கும் இரப்பர் மரங்கள். அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. இடிக்கப்பட்ட இலயத்தை மீண்டும் எழுப்ப இயலாது. தாத்தா சொல்லக் கேட்டுப் பேரப்பிள்ளை தீட்டிய ஓவியம் ஒன்று வீட்டில் இருந்தால், அதுவே அக்குடும்பத்தின் வரலாற்றுச் சான்று. அச்சான்று கறையானுக்கும் பூஞ்சணத்திற்கும் இரையாகலாமா?

கடையில் கொடுத்துச் சட்டமிடலாம். ஆனால் அதற்கு ஆகும் செலவு எல்லாக் குடும்பங்களுக்கும் எளிதன்று. சுத்தியலும் இரம்பமும் பிடிக்கத் தெரிந்த தந்தையாரும், அளவெடுக்கத் தெரிந்த பிள்ளையும் சேர்ந்தால், ஓய்வு நாள் ஒன்றிலேயே இவ்வேலையைச் செய்து முடிக்கலாம். அதற்கான முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கித்தான் என்பது யாது?

தோட்டத்தில் இரப்பரைக் ‘கித்தா’ என்று கூறுவதுண்டு. அச்சொல் மலாய்மொழி வழியாக வந்தது. ‘கித்தான்’ என்பது வேறு. பருத்தி நூலாலோ ஆளிச்செடியின் நாராலோ நெருக்கமாக நெய்த முரட்டுத் துணியே கித்தான். கப்பற்பாய்க்கும் கூடாரத்திற்கும் பயன்பட்ட துணி இதுதான்.

பண்டைய ஓவியர்கள் மரப்பலகையின்மீதே பெரும்பாலும் தீட்டினர். உலகப் புகழ்பெற்ற மோனாலிசா ஓவியம் பாப்ளர் மரப்பலகையில் தீட்டப்பட்டதாகும். நம் தஞ்சாவூர் ஓவியங்களும் பலகையின்மேல் துணி ஒட்டி எழுதப்படுபவையே. இத்தாலி நாட்டின் வெனிசு நகரம் நீரால் சூழப்பட்டது. அங்கு வீசும் ஈரமான கடற்காற்றால் சுவரோவியங்கள் விரைவில் பழுதடைந்தன. பாய்மரத் துணியோ அந்நகரில் ஏராளமாகக் கிடைத்தது. ஆகவே 1500ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அந்நகர ஓவியர்கள் துணியில் தீட்டும் முறையைப் பெரிதும் கைக்கொண்டனர். ஈரம் மிகுந்த ஊரில் வளர்ந்த இம்முறை, ஆண்டு முழுதும் மழை பொழியும் நம் நாட்டிற்கும் பொருத்தமானதே.

சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் சுவா மியா டீ என்னும் ஓவியர் 1959இல் தீட்டிய ‘தேசிய மொழி வகுப்பு’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கின்றது. பல இன மாணவர்கள் வட்டமேசையைச் சுற்றி அமர்ந்து மலாய்மொழி பயிலும் காட்சி அது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அக்காட்சியை நாம் காண முடிகின்றது. ஓவியரின் திறமை ஒரு காரணம். ஓவியத்தைப் பேணிக் காத்தவர்களின் கை மற்றொரு காரணம்.

தீட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

சட்டமிடும் வேலை ஓவியம் முடிந்தபின் தொடங்குவதன்று. தீட்டுவதற்கு முன்பே தொடங்குவதாகும். துணியின் விளிம்பு வரை வண்ணம் பூசிவிட்டால், பிறகு ஆணி அடிப்பதற்கு இடம் இராது. ஆகவே நான்கு பக்கமும் 6 செண்டிமீட்டர் வெற்றிடம் விடுதல் வேண்டும்.

நம் பாடத்திற்கு 60 செண்டிமீட்டர் நீளமும் 45 செண்டிமீட்டர் உயரமும் உள்ள ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் 6 செண்டிமீட்டர் கூட்டினால், துணியின் அளவு 72க்கு 57 செண்டிமீட்டர் ஆகும்.

எண்ணெய் வண்ணத்தை வெறுந்துணியில் நேரே பூசுதல் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு உலரும்போது அதில் அமிலத்தன்மை உண்டாகின்றது; அது காலப்போக்கில் நூலை இற்றுப்போகச் செய்யும். எனவே வெள்ளை அடிப்பூச்சினை இரண்டு முறை பூசி உலரவிட்டபின் தீட்டத் தொடங்க வேண்டும்.

தீட்டிய துணியைச் சுருட்ட நேர்ந்தால், வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்குமாறு சுருட்டுக. உட்புறமாகச் சுருட்டினால் வண்ணப்படலம் நெருக்குண்டு நொறுங்கும். குறைந்தது 10 செண்டிமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் நீர்க்குழாய் ஒன்றின்மேல் தூய வெள்ளைத் தாளைச் சுற்றி, அதன்மேல் சுருட்டுதல் நன்று. செய்தித்தாளைப் பயன்படுத்தலாகாது, அதன் மை ஓவியத்தில் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் வண்ணம் விரைவில் உலரும்; எண்ணெய் வண்ணம் உள்ளுக்குள் நன்கு உலர்வதற்குப் பல மாதங்கள் ஆகும்.

மரத்தைத் தெரிந்தெடுத்தல்

துணியைத் தாங்கும் சட்டத்தை உட்சட்டம் என்றும், ஓவியத்தைச் சுற்றி அழகு செய்யும் சட்டத்தை வெளிச்சட்டம் என்றும் அழைப்போம். இரண்டிற்கும் நேரான, நன்கு உலர்ந்த மரம் வேண்டும். முறுக்கிய மரத்தில் கட்டிய துணியும் முறுக்கிக்கொள்ளும். மரத்தை ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

மெரந்தி எளிதாகக் கிடைக்கும். ஜெலுத்தோங் மரம் இலேசானது. அறுக்கவும் செதுக்கவும் எளிது. அதுவும் நம் இரப்பர் மரத்தைப் போலப் பால் தரும் மரமே. அப்பால் ஒரு காலத்தில் மெல்லும் மிட்டாய் செய்யப் பயன்பட்டது. படச்சட்டங்களுக்கு மிகுதியாகப் பயன்பட்ட இராமின் மரம் அருகிவிட்டமையால், 2004இல் உலக நாடுகள் கூடி அதன் வணிகத்திற்குக் கட்டுப்பாடு விதித்தன.

இரப்பர் மரத்தைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரம், முற்காலத்தில் விறகாகவே எரிந்தது. அதில் மாவுச்சத்து மிகுதி. ஆகையால் வண்டும் பூஞ்சணமும் அதனை விரைவில் தாக்கும். போரான் உப்பை மரத்தினுள் செலுத்தி உலர்த்தும் முறை பரவியபின், 1980களிலிருந்து அது மேசை நாற்காலி செய்யும் சிறந்த மரமாகிவிட்டது. எனவே பதப்படுத்திய இரப்பர் மரம் சட்டத்திற்கு ஏற்றது. தோட்டத்தில் வெட்டிப் போட்ட பச்சை மரம் ஏற்றதன்று.

உட்சட்டம் செய்தல்

4 செண்டிமீட்டர் அகலமும் 2 செண்டிமீட்டர் கனமும் உள்ள நான்கு மரத்துண்டுகள் தேவை. ஓவியப் பொருள்கள் விற்கும் கடைகளில், மூலையில் ஒன்றோடொன்று செருகக்கூடிய உட்சட்டத் துண்டுகளே கிடைக்கும். அவற்றின் மூலைகளில் சிறு ஆப்புகள் வைப்பதற்கு இடம் இருக்கும். தச்சரிடம் சொல்லியும் இவ்வாறு செய்துகொள்ளலாம். மூலைகளைப் பசையிட்டு ஒட்டிவிட்டால், பிற்காலத்தில் துணி தளரும்போது ஆப்பு வைத்து இறுக்க இயலாது.

மரத்தின் முன்பக்கத்து உள்விளிம்பைச் சரிவாக இழைத்துவிட வேண்டும். துணி மரத்தின் வெளிவிளிம்பை மட்டுமே தொட வேண்டும். இல்லையெனில் உள்விளிம்பின் கோடு சில ஆண்டுகளில் ஓவியத்தின்மேல் தழும்புபோல் தெரியும்.

சட்டம் சரியான செவ்வகமாக உள்ளதா என்பதை எவ்வாறு அறிவது? இங்கே கணிதப் பாடம் கைகொடுக்கின்றது. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்து பாருங்கள். மற்ற இரு மூலைகளுக்கும் அவ்வாறே அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாயிருந்தால் சட்டம் சரி. நம் சட்டத்தின் பக்கங்கள் 45, 60. இவை 3, 4 என்னும் எண்களின் 15 மடங்கு. ஆகவே மூலைவிட்டம் 5இன் 15 மடங்காகிய 75 செண்டிமீட்டராக இருத்தல் வேண்டும். அளவுநாடா 74 என்றோ 76 என்றோ காட்டினால், துணியைத் தொடுவதற்கு முன் சட்டத்தைத் திருத்துக. ஒரு பக்கம் 90 செண்டிமீட்டருக்கு மேற்பட்டால் நடுவே குறுக்குச்சட்டம் ஒன்றும் வேண்டும்.

துணியை இழுத்துக் கட்டுதல்

மேசையின்மேல் தூய பருத்தித் துணியை விரித்து, ஓவியத்தைக் கவிழ்த்து வைக்கவும். அதன்மேல் உட்சட்டத்தைச் சரிவான பக்கம் கீழே இருக்குமாறு வைக்கவும். துணியின் நூலோட்டம் மரத்திற்கு இணையாக அமைய வேண்டும். பிறகு பின்வரும் முறைப்படி சட்டத்தின் பக்கவாட்டில் சிற்றாணிகளை அடிக்கவும்.

முதலாவதாக, ஒரு நீண்ட பக்கத்தின் நடுவில் ஓர் ஆணி அடிக்கவும்.

இரண்டாவதாக, எதிர்ப்பக்கத்தின் நடுவில் துணியைக் கையால் அளவாக இழுத்து ஓர் ஆணி அடிக்கவும்.

மூன்றாவதாக, குறுகிய பக்கங்கள் இரண்டின் நடுவிலும் அவ்வாறே அடிக்கவும்.

நான்காவதாக, நடு ஆணியிலிருந்து இருபுறமும் 5 செண்டிமீட்டருக்கு ஒன்றாக மூலையை நோக்கிச் செல்லவும். ஒரு பக்கத்தில் இரண்டு அடித்தால், உடனே எதிர்ப்பக்கத்திலும் இரண்டு அடிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, மூலையில் மிஞ்சும் துணியைப் போர்வை மடிப்பதுபோல் தட்டையாக மடித்து, மூலைக்கு ஓர் ஆணி அடிக்கவும்.

ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கத்திற்குச் சென்றால் என்ன? இழுவிசை ஒருபுறமாகக் குவியும், நூலோட்டம் கோணும், மூலைக்கு மூலை சுருக்கம் விழும். நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராகச் செல்லும்போது இழுவிசை எங்கும் சமமாகப் பரவுகின்றது. முறை மாறினால் வலிமை பயன்படாது.

வண்ணம் தீட்டாத புதுத் துணியைக் குறட்டால் பற்றி இழுக்கலாம். தீட்டிய துணியைக் கையால் மட்டுமே இழுத்தல் வேண்டும்; வலிந்து இழுத்தால் வண்ணம் வெடிக்கும். சட்டத்தின் பின்புறம் மிஞ்சி நிற்கும் துணியை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அதனை மடித்துப் பின்பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். என்றேனும் மறுபடி கட்ட நேர்ந்தால் அவ்வளவு துணியும் தேவைப்படும். கூடுமானால் செப்பு ஆணியையோ துருப்பிடிக்காத ஆணியையோ பயன்படுத்துக. இரும்பு ஆணியின் துரு துணியைத் தின்றுவிடும்.

ஆப்பின் பயன்

திருவிழாவில் பறை அடிப்போர், தோலை அனலில் காய்ச்சி முறுக்கேற்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஈரத்தில் தோல் தளர்கின்றது, உலர்ந்தால் இறுகுகின்றது. பூச்சிட்ட கித்தானும் காற்றின் ஈரத்திற்கேற்பத் தளர்ந்தும் இறுகியும் மாறும் இயல்புடையது. ஆனால் ஓவியத்தை அனலில் காட்டலாகாது. அது வண்ணத்திற்குப் பெருங்கேடு. அதற்காகவே ஆப்பு இருக்கின்றது. மூலைக்கு இரண்டாக எட்டு ஆப்புகளையும் ஒவ்வொன்றாக, மிக மெல்லத் தட்ட வேண்டும். தட்டும்போது சுத்தியல் துணியில் படாதவாறு, துணிக்கும் மரத்திற்கும் இடையே ஓர் அட்டையைச் செருகிக்கொள்க.

வெளிச்சட்டம் இடுதல்

வெளிச்சட்டத்தின் உட்புறத்தில் படிபோன்ற தவாளிப்பு ஒன்று இருக்கும். அதில்தான் உட்சட்டம் அமர்கின்றது. துணியின் கனத்திற்கும் ஆப்பு விரிவதற்கும் இடம் விட்டு, தவாளிப்பின் அளவை 60.4க்கு 45.4 செண்டிமீட்டராக வைத்துக்கொள்வோம். தவாளிப்பின் உதடு ஒவ்வொரு பக்கத்திலும் 0.6 செண்டிமீட்டர் மூடும். முன்னிருந்து பார்த்தால் தெரியும் பகுதி 59.2க்கு 44.2 ஆகும். சட்டத்தின் அகலம் 4 செண்டிமீட்டர் என்றால், வெளியளவு 67.2க்கு 52.2 ஆகும். நான்கு பக்கத்தையும் கூட்டினால் 238.8 செண்டிமீட்டர். அறுப்பில் வீணாவதையும் கருதி 260 செண்டிமீட்டர் மரம் வாங்கினால் போதும். அளந்து வாங்குபவர் பணத்தை வீணாக்குவதில்லை.

மூலைகளை 45 பாகையில் அறுக்க வேண்டும். இதற்கென விற்கும் மரப்பெட்டி வாளை நேராகச் செலுத்தும். எதிரெதிர்ப் பக்கங்களின் நீளம் மயிரிழையும் பிசகாமல் ஒன்றாய் இருத்தல் வேண்டும். நீளம் பிசகினால் நான்காவது மூலை பொருந்தாது. பசையிட்டு, கயிற்றால் சுற்றிக் கட்டி, மூலைவிட்டங்களை மீண்டும் அளந்து, ஒரு நாள் அசையாமல் வைக்கவும். பிறகு உப்புத்தாளால் தேய்த்து மெருகிடலாம்.

உட்சட்டத்தை வெளிச்சட்டத்தோடு சேர்த்து ஆணி அறையலாகாது. வளைத்த சிறு தகடுகளைச் சட்டத்தில் திருகாணியால் முடுக்கி, அவை உட்சட்டத்தை அழுத்திப் பிடிக்குமாறு செய்தல் வேண்டும். அப்பொழுதுதான் பின்னர் கழற்றிப் பழுது பார்க்க முடியும். எண்ணெய் ஓவியத்திற்கும் அக்ரிலிக் ஓவியத்திற்கும் கண்ணாடி பொதுவாகத் தேவையில்லை. தாளில் தீட்டிய நீர்வண்ண ஓவியத்திற்குக் கண்ணாடி வேண்டும். ஆனால் கண்ணாடி ஓவியத்தைத் தொடாதவாறு இடையே அட்டை வைக்க வேண்டும். பின்புறத்தை மெல்லிய பலகையால் மூடினால் தூசியும் சிலந்தியும் பல்லியும் உள்ளே புகா.

மாட்டுதற்குரிய இடம்

நம் நாட்டில் காற்றின் ஈரம் பெரும்பாலும் நூற்றுக்கு 80 அளவில் நிற்கின்றது. ஆகவே மழைச்சாரல் படும் வெளிச்சுவர், குளியலறைச் சுவர், ஒழுகும் கூரைக்கு அருகிலுள்ள சுவர் ஆகியவை ஆகா. நேரான வெயில் வண்ணத்தை வெளுக்கச் செய்யும். அடுப்புப் புகை, சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் புகை ஆகியன ஓவியத்தைக் கறுக்கச் செய்யும். ஆதலால் பூசை மாடத்திற்கு நேர் மேலே மாட்டுதல் பக்தியாகத் தோன்றினும், ஓவியத்திற்கு நன்மை தாராது. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒன்றை ஒட்டினால், சுவருக்கும் ஓவியத்திற்கும் இடையே காற்று உலவும், பூஞ்சணம் பிடிக்காது.

பலகை வீடாயின், மெல்லிய பலகையில் ஆணி நில்லாது. விரலால் தட்டிப் பார்த்தால், பின்னே நிலைக்கால் உள்ள இடத்தில் கெட்டியான ஓசை எழும். அங்கே திருகாணியை முடுக்குக. செங்கற்சுவராயின், துளையிட்டு, பிளாஸ்டிக் அடைப்பான் செருகி, அதனுள் திருகாணியை முடுக்குக. மின்விசைப் பொத்தானுக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் மின்கம்பி ஓடக்கூடும். அங்கே துளையிடுதல் உயிருக்கே ஆபத்து. அறுப்பதும் துளையிடுவதும் பெரியோர் செய்ய வேண்டிய வேலைகள். அளப்பதும் கணக்கிடுவதும் பிடித்துக்கொள்வதும் பிள்ளைகளின் வேலைகள்.

கயிறும் கோணமும்

சட்டத்தின் பின்புறம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தாழ்வில் இரு பக்கமும் வளையம் திருகி, முறுக்குக் கம்பியைக் கட்டவும். கம்பியை விறைப்பாகக் கட்டினால் பலம் என்று பலர் நினைக்கின்றனர். அறிவியல் வேறாகக் கூறுகின்றது. ஓவியத்தின் எடை 3 கிலோகிராம் என்று கொள்வோம். கம்பி கிடைக்கோட்டோடு 60 பாகைக் கோணத்தில் இருந்தால், ஒவ்வொரு புறத்திலும் ஏறத்தாழ 1.7 கிலோகிராம் அளவுக்கு இழுவிசை உண்டாகும். 30 பாகையில் அது 3 கிலோகிராம் ஆகிவிடும். 10 பாகையில் ஏறத்தாழ 8.6 கிலோகிராம் ஆகும்! விறைப்பான கம்பியே விரைவில் அறுகின்றது. ஆகவே சற்றுத் தளர்வாகக் கட்டுக. சுவரில் இரண்டு கொக்கிகளை இடைவெளி விட்டு அடித்தால் ஓவியம் சாயாமலும் நிற்கும்.

ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செண்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நிற்பவர் கண்ணுக்கு இதமாக இருக்கும். நம் சட்டத்தின் உயரத்தில் பாதி 26.1. கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும்போது அது சட்டத்தின் உச்சிக்கு 8 செண்டிமீட்டர் கீழே நிற்கின்றது என்போம். 150ஐயும் 26.1ஐயும் கூட்டி 8ஐக் கழித்தால் 168.1 வரும். அவ்வுயரத்தில் கொக்கி அடிக்கவும். கண்மதிப்பில் அடித்துச் சுவரெங்கும் ஓட்டை போடுவதைவிட இக்கணக்கு எளிது. இறுதியாக இரசமட்டத்தை மேல்சட்டத்தில் வைத்துச் சாய்வைச் சரிசெய்க.

பேணுதல்

மாதம் ஒரு முறை உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுக. ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஓவியத்தை இறக்கிப் பின்புறத்தைப் பாருங்கள். கீழே மரத்தூள் உதிர்ந்திருந்தால் சட்டத்தில் வண்டு புகுந்துள்ளது என்று அறிக. சுவரில் மண்கோடு தெரிந்தால் கறையான் வருகின்றது என்று அறிக. பின்பலகையில் ஓவியத்தின் பெயர், தீட்டியவர் பெயர், ஆண்டு, காட்டப்பட்ட இடம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதைக் கையிலெடுப்பவர், இது எந்தத் தோட்டம், யார் வீடு என்று கேட்டு விடையின்றி நிற்கலாகாது.

மலேசியாவின் தேசியக் கலைக்கூடம் 1958இல் தொடங்கப்பெற்றது. நாட்டின் ஓவியங்களை நாடு காக்கின்றது. வீட்டின் ஓவியங்களை வீடுதான் காக்க வேண்டும். பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வரைந்ததைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். தான் செய்தது மதிக்கப்படுகின்றது என்பதை அப்பிள்ளை நாள்தோறும் கண்ணால் காணும். மாணவர்களே! சட்டம் செய்யும்போது உங்கள் தந்தையாரின் அருகில் இருந்து அளவுநாடாவைப் பிடியுங்கள். பள்ளியில் கற்ற கணக்கு வீட்டுச் சுவரில் நிலைத்து நிற்கட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. 60க்கு 80 செண்டிமீட்டர் அளவுள்ள உட்சட்டத்தின் மூலைவிட்டம் எவ்வளவு?

2. அச்சட்டத்திற்கு நான்கு பக்கமும் 6 செண்டிமீட்டர் வெற்றிடம் விட்டால் துணியின் அளவு என்ன?

3. 60க்கு 45 செண்டிமீட்டர் சட்டத்தில், நீண்ட பக்கம் ஒவ்வொன்றிலும் 11 ஆணி, குறுகிய பக்கம் ஒவ்வொன்றிலும் 9 ஆணி, மூலைக்கு ஓர் ஆணி எனில், மொத்தம் எத்தனை ஆணிகள்?

4. மிஞ்சிய துணியை ஏன் வெட்டி எறியலாகாது?

5. உங்கள் வீட்டில் ஓவியம் மாட்டுவதற்கு ஏற்ற சுவர் எது? காரணம் கூறுக.

(முதல் மூன்று விடைகள்: 100 செண்டிமீட்டர்; 72க்கு 92 செண்டிமீட்டர்; 44 ஆணிகள்.)